அமிலமும் காப்புரிமையும்: இந்தியாவில் நெஞ்செரிச்சல் மருத்துவத்தின் வரலாறு

மூட்டுவலிக்கோ காய்ச்சலுக்கோ எழுதப்படும் மருந்துச் சீட்டைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். நோய்க்குரிய மருந்துகளோடு பெரும்பாலும் இன்னொரு மாத்திரையும் அதில் இடம்பெற்றிருக்கும். 'காலையில் வெறும் வயிற்றில்' என்று குறிப்பிடப்படும் அதற்கு நோயாளிகள் வைத்திருக்கும் பெயர் 'கேஸ் மாத்திரை'. பாண்டோபிரசோல், ஓமிபிரசோல், ராபிபிரசோல் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவை வாயுவுக்கான மருந்துகள் அல்ல. இரைப்பையின் அமிலச் சுரப்பை அடக்குபவை. அரை நூற்றாண்டுக்கு முன்பு உலகில் எங்குமே இல்லாத இந்த மருந்துகள் இன்று இந்தியாவின் சிற்றூர் மருந்துக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன.

இந்த எளிமை எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. எளிமையானதால் எதைக் கேட்க மறந்தோம் என்பது அடுத்த கேள்வி. முதலாவதற்கு விடை வேதியியலில் பாதியும் சட்டத்தில் பாதியுமாக இருக்கிறது. இரண்டாவதற்கான விடை, நெஞ்செரிச்சலின் காரணத்தை மருத்துவம் எங்கே தேடியது என்ற வரலாற்றில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

1. சுண்ணாம்பிலிருந்து சோடாவுக்கு

நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் பழைய நோய்கள். ஆயுர்வேத மரபில் நோய்களை இனங்கண்டு தொகுத்த மாதவ நிதானம் என்ற நூல் 'அம்லபித்தம்' என்பதற்குத் தனி இயலே ஒதுக்கியிருக்கிறது. புளிப்பு மேலெழுந்து வருகிறது என்பதை மனிதர் நாவினாலேயே அறிந்திருந்தார்கள். அந்தப் புளிப்பு எது என்பதைத்தான் வேதியியல் கண்டறிய வேண்டியிருந்தது. 1823 டிசம்பரில் இலண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்ட கட்டுரையில், இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்று வில்லியம் பிரவுட் நிறுவினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்க எல்லைப்புறக் கோட்டை ஒன்றில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ஆறாமல் நின்றுபோன அந்தத் துளையின் வழியே இரைப்பையின் செயலை ஆண்டுக்கணக்கில் கவனித்த இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், தம் நூலை 1833இல் வெளியிட்டார்.

அமிலம் என்று தெரிந்தபின் காரத்தைக் கொண்டு முறிப்பது இயல்பான அடுத்த படி. உண்மையில் அந்தப் படியை அனுபவம் முன்பே எடுத்துவிட்டிருந்தது. சுண்ணாம்புத் தூளும் மக்னீசியாவும் வழக்கத்தில் இருந்தவையே. பத்தொன்பதாம் நூற்றாண்டு அவற்றைப் புட்டியில் அடைத்து விற்பனைப் பொருளாக்கியது. மில்க் ஆஃப் மக்னீசியாவும் ஈனோ பழ உப்பும் அந்த நூற்றாண்டின் படைப்புகள். பிரித்தானியப் பேரரசின் கப்பல்கள் சென்ற இடமெல்லாம் இவையும் சென்றன. இந்திய நகரங்களின் கடைகளுக்கும் நாளிதழ் விளம்பரங்களுக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தன.

இங்கே ஒரு சிறு வேதியியலைக் குறித்துக்கொள்ள வேண்டும். சோடியம் பைகார்பனேட் அமிலத்தோடு சேரும்போது கரியமில வாயு வெளிப்படுகிறது. உடனே ஏப்பம் வருகிறது, எரிச்சலும் தணிகிறது. அமிலம் முறிந்ததால் கிடைத்த ஆறுதலை, வாயு வெளியேறியதால் கிடைத்ததாக நோயாளி உணர்வதில் வியப்பில்லை. எரிச்சல், உப்புசம், நெஞ்சுப் பிடிப்பு அனைத்தையும் 'கேஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கும் நம் பேச்சு வழக்குக்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். மாரடைப்பின் வலியைக்கூட 'கேஸ்' என்று எண்ணிச் சோடா குடித்துக் காத்திருப்பவர்கள் உண்டு என்பதை நினைத்தால், இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல என்பது விளங்கும்.

2. 'அமிலம் இன்றேல் புண் இல்லை'

1910இல் கார்ல் ஷ்வார்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர், அமிலம் இல்லாத இடத்தில் இரைப்பைப் புண்ணும் இல்லை என்ற கருத்தை முன்வைத்தார். அடுத்த எழுபது ஆண்டுகளின் சிகிச்சை முழுவதும் இந்தக் கருத்தின் நிழலில் நடந்தது. 1915இல் சிகாகோ மருத்துவர் பெர்ட்ராம் சிப்பி வகுத்த முறையில் நோயாளிக்கு மணிக்கொரு முறை பாலும் பாலேடும் தரப்பட்டன. இடையிடையே காரப் பொடிகள். சிலருக்கு இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீரகம் பழுதுபட்டது. 'பால்-காரக் கூட்டுநோய்' என்று பாடநூல்களில் இன்றும் உள்ள நிலை, சிகிச்சையே உண்டாக்கிய நோய். பால் தற்காலிகமாக இதம் தந்தாலும் பின்னர் அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது என்பதும் பிற்பாடு தெரிந்தது.

மருந்து போதாத இடத்தில் கத்தி வந்தது. அமிலம் சுரக்கும் பகுதியை வெட்டியெடுத்தார்கள். 1943இல் சிகாகோவின் லெஸ்டர் டிராக்ஸ்டெட், இரைப்பைக்குக் கட்டளை கொண்டுசெல்லும் வேகஸ் நரம்பைத் துண்டிக்கும் அறுவையைத் தொடங்கினார். அமிலத்தின் ஊற்றை அடைக்க முடியாதபோது, ஊற்றுக்கு வரும் செய்தியை அறுத்துவிடுவது இதன் தருக்கம்.

இந்த அறுவைகளின் இந்திய வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. இந்தியாவில் முன்சிறுகுடல் புண் எல்லா வட்டாரங்களிலும் ஒரே அளவில் காணப்படவில்லை. இரயில்வே மருத்துவ அதிகாரியான எஸ். எல். மல்கோத்ரா, நாடெங்கும் பரவிக்கிடந்த இரயில்வே ஊழியர்களையே ஆய்வுக்களமாகக் கொண்டு 1964இல் வெளியிட்ட கட்டுரையில், அரிசி உண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் இந்நோய் மிகுந்தும், கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைந்தும் இருப்பதைக் காட்டினார். மைசூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவியும் இந்தப் புவியியலைத் தொடர்ந்து ஆராய்ந்து, இந்தியாவையும் வங்கதேசத்தையும் பற்றி 1979இல் எழுதினார். ஒரே நிர்வாகம், ஒரே மருத்துவப் பதிவு முறை, ஆனால் வேறுவேறு உணவு என்ற நிலையில் இரயில்வே துறை ஓர் இயற்கையான ஆய்வுக்கூடமாக அமைந்தது. தென்னிந்திய மருத்துவமனைகளில், புண் தழும்பேறி இரைப்பையின் வாய் அடைத்துப்போய், உண்டதையெல்லாம் வாந்தியெடுத்து மெலிந்து வந்த உழைப்பாளிகளுக்கு வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை அன்றாட வேலையாக இருந்தது.

3. தனியே பிரிந்த நெஞ்செரிச்சல்

இதுவரை நெஞ்செரிச்சல் குடற்புண்ணின் நிழலிலேயே இருந்தது. 1935இல் ஆஷர் விங்கெல்ஸ்டீன், இரைப்பை நீர் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்குவதைத் தனி நோயாக விவரித்தார். 1950களில் ஃபிலிப் அலிசன் இதை உதரவிதானப் பிதுக்கத்தோடு தொடர்புபடுத்தினார். 1956இல் உணவுக்குழாயின் கீழ்முனையில் உயர் அழுத்தப் பகுதி ஒன்று இருப்பதை அழுத்தமானி கொண்டு அளந்து காட்டினர். அதுவே கதவாகச் செயல்படும் சுருக்குத்தசை. 1980களின் தொடக்கத்தில் வைலி டாட்ஸ் முதலானோரின் ஆய்வுகள் மேலும் ஒன்றைத் தெளிவாக்கின. விழுங்காதபோதும் அந்தத் தசை அவ்வப்போது சில நொடிகள் தானாகத் தளர்கிறது. எதுக்களிப்பின் பெரும்பகுதி நிகழ்வது அந்த நொடிகளில்தான்.

இதன் பொருள் முக்கியமானது. நெஞ்செரிச்சல் உடையவர்களில் பெரும்பாலோருக்கு அமிலம் மிகையாகச் சுரப்பதில்லை. அளவு சரி, அது இருக்கும் இடம்தான் தவறு. அப்படியானால் சிகிச்சை கதவைச் சீர்செய்வதாக இருக்க வேண்டும் அல்லவா? பாசல் நகரில் ருடால்ஃப் நிஸன் 1955இல் செய்த அறுவை அதைத்தான் முயன்றது. இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் கீழ்முனையைச் சுற்றி மடித்துத் தைத்தார். 1991 முதல் இது நுண்துளை வழியாகவும் செய்யப்படுகிறது. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட், இரைப்பையிலுள்ளவற்றின் மேல் ஒரு தெப்பம்போல் மிதந்து தடுக்கிறது. கதவின் தசையையும் இரைப்பையின் அசைவையும் தூண்டும் மருந்துகளும் வந்தன. அவற்றில் புகழ்பெற்ற சிசாபிரைட், இதயத் துடிப்பைக் குலைத்து உயிரிழப்புகளுக்குக் காரணமானதால் 2000இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இந்தியாவில் அதற்குத் தடை வந்தது 2011இல். கதவை நோக்கிய மருந்துகள் இவ்வாறு தடுமாறிக்கொண்டிருக்கையில், அமிலத்தை நோக்கிய மருந்துகள் பெருவெற்றி பெற்றன. சிகிச்சையின் திசையைத் தீர்மானித்தது நோயின் காரணம் அன்று. எதைத் தடுக்கக் கருவி கிடைத்தது என்பதே.

4. ஜேம்ஸ் பிளாக்கும் அதற்குப் பின்னும்

அமிலச் சுரப்பைத் தூண்டும் பொருள்களில் ஹிஸ்டமின் ஒன்று என்பது 1920க்குள் தெரிந்திருந்தது. ஆனால் ஒவ்வாமைக்குத் தரப்பட்ட ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் அமிலத்தைக் குறைக்கவில்லை. அப்படியானால் இரைப்பையில் ஹிஸ்டமின் அமரும் ஏற்பி வேறு வகையினதாக இருக்க வேண்டும் என்று ஜேம்ஸ் பிளாக் கருதினார். 1964இல் இங்கிலாந்தில் ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வகத்தில் அவர் தொடங்கிய தேடல், 1972இல் புரிமமைட் என்ற முதல் மூலக்கூறைத் தந்தது. வாய்வழி எடுக்க அது ஏற்றதாக இல்லை. அடுத்து வந்த மெட்டியமைட் சில நோயாளிகளின் வெள்ளணுக்களைக் குறைத்தது. மூன்றாவதான சிமெடிடின் 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 1981இல் கிளாக்சோ நிறுவனத்தின் ரானிடிடின் வந்து, சில ஆண்டுகளில் உலகிலேயே மிகுதியாக விற்பனையாகும் மருந்தாயிற்று. பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

அதே 1988இல் சுவீடனின் அஸ்ட்ரா நிறுவனம் ஓமிபிரசோலை வெளிக்கொணர்ந்தது. ஹிஸ்டமின் என்பது அமிலச் செல்லுக்கு வரும் கட்டளைகளுள் ஒன்று மட்டுமே. நரம்பின் வழியும் காஸ்ட்ரின் என்ற இயக்குநீரின் வழியும் கட்டளைகள் வருகின்றன. எந்தக் கட்டளை வந்தாலும் இறுதியில் அமிலத்தை வெளியேற்றுவது செல்லின் சுவரிலுள்ள புரோட்டான் பம்ப். ஓமிபிரசோல் அந்தப் பம்பையே மீளமுடியாதபடி பூட்டிவிடுகிறது. இயங்கிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அதனால் பூட்ட முடியும். பம்புகள் மிகுதியாக இயங்குவது உணவின்போது. ஆகவேதான் உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக எடுக்க வேண்டும் என்கிறார்கள். சாப்பிட்டபின் போட்டுக்கொண்டு 'மாத்திரை கேட்கவில்லை' என்று கூறுபவர்கள் நம்மிடையே ஏராளம்.

5. சட்டம் செய்த வேலை

இவையெல்லாம் பிரிட்டனிலும் சுவீடனிலும் நடந்தவை. இம்மருந்துகள் இந்திய உழைப்பாளியின் கைக்கு எப்படி வந்தன? விடுதலையின்போது நாட்டில் நடைமுறையிலிருந்தது 1911ஆம் ஆண்டின் காலனிக் காப்புரிமைச் சட்டம். மருந்து விலைகள் ஏழைநாட்டுக்குப் பொருந்தாத உயரத்தில் இருந்தன. இச்சட்டத்தைச் சீரமைக்க ஆராயும் பொறுப்பு 1957இல் நீதிபதி என். இராஜகோபால ஐயங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றம் சென்றவர் அவர். 1959இல் அவர் அளித்த அறிக்கை, மருந்துப் பொருளின் மீதே காப்புரிமை தரலாகாது, அதைச் செய்யும் முறையின் மீது மட்டும் தரலாம் என்று பரிந்துரைத்தது. பதினொரு ஆண்டு விவாதத்துக்குப் பின் நிறைவேறிய 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 1972 ஏப்ரல் 20இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துச் செய்முறைக்கான காப்புரிமையின் காலமும் அதிகபட்சம் ஏழு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

சிமெடிடின் பிறந்தபோது இந்தச் சட்டம் ஆயத்தமாக இருந்தது. ஒரு மூலக்கூறை வேறு வழியில் தொகுக்கத் தெரிந்த எவரும் அதை இந்தியாவில் செய்து விற்கலாம். தொகுக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். பிம்ப்ரியின் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், ஐதராபாத்தின் ஐ.டி.பி.எல். போன்ற பொதுத்துறை ஆலைகள் ஒரு தலைமுறை வேதியியலாளர்களைப் பயிற்றுவித்திருந்தன. மேலைநாடுகளில் காப்புரிமைக் காவல் நீடித்த காலத்திலேயே ரானிடிடின் இந்திய நிறுவனங்களின் பெயர்களில் மிகக் குறைந்த விலையில் பரவியது. ஐ.டி.பி.எல்.லில் பணியாற்றிய அஞ்சி ரெட்டி 1984இல் தொடங்கிய டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம், 1990களின் தொடக்கத்தில் ஓமிபிரசோலைத் தன் பெயரில் கொண்டுவந்தது. அதே மாத்திரைக்கு மேலைநாட்டு நோயாளி பன்மடங்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தார். இரைப்பையை அறுத்து இணைக்கும் அறுவைகள் மெல்ல மெல்ல அருகின. அந்த மாற்றத்தில் பிளாக்கின் அறிவியலுக்கு உள்ள பங்கு நினைவுகூரப்படுகிறது; ஐயங்காரின் அறிக்கைக்கு உள்ள பங்கு நம் மருத்துவ வரலாற்று நூல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது.

1995இல் உலக வணிக அமைப்பின் ஒப்பந்தம் வந்தது; 2005 முதல் இந்தியாவிலும் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை உண்டு. ஆனால் அதே 2005 திருத்தத்தில் இடம்பெற்ற 3(டி) பிரிவு, பழைய மூலக்கூறின் புதுவடிவம் சிகிச்சைத் திறனில் மேம்பட்டது என்று காட்டாதவரை காப்புரிமை இல்லை என்கிறது. பழையதைச் சிறிது மாற்றி ஏகபோகத்தை நீட்டிக்கும் உத்திக்கு உலகெங்கும் காட்டப்படும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று ஓமிபிரசோலின் இடக்கை வடிவமான எசோமிபிரசோல். அமில மருந்துகளின் வரலாறு, காப்புரிமை வரலாற்றின் ஒவ்வொரு திருப்பத்திலும் இவ்வாறு எதிர்ப்படுகிறது.

6. மலிவின் மறுபக்கம்

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் என்ற நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தனர். குடற்புண்ணின் முதன்மைக் காரணம் அதுவே என்பது படிப்படியாக நிலைபெற்றது. 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு வார நுண்ணுயிர்க்கொல்லிச் சிகிச்சையால் தீரக்கூடிய நோய்க்கு ஷ்வார்ட்ஸின் வாக்கியம் எழுபது ஆண்டு அமிலத்தையே குற்றவாளியாக்கியிருந்தது. இந்தியாவில் இது இன்னொரு புதிரையும் விட்டுச்சென்றது. அந்த நுண்ணுயிர் நாடெங்கும் பரவலாக இருக்க, நோய் மட்டும் ஏன் தெற்கில் மிகுந்தது? மல்கோத்ராவும் டோவியும் எழுப்பிய உணவுக் கேள்வி முழுதாக மூடப்படவில்லை.

இந்த வரலாறு ஓர் எச்சரிக்கை. அமிலத்தை அடக்கினால் எரிச்சல் அடங்கும், காரணம் அடங்கியதாகாது. நீண்டநாள் எதுக்களிப்பினால் உணவுக்குழாயின் உட்தோல் மாறுவதும், அரிதாக அது புற்றாவதும் உண்டு. விழுங்குவதில் சிரமம், காரணமற்ற எடைக்குறைவு, இரத்தசோகை ஆகியவை இருக்கும்போது ஆண்டுக்கணக்கில் மாத்திரையைத் தொடர்வது, நோயைப் பேசவிடாமல் செய்வதே.

தேவையின்றித் தொடங்குவதற்கும் விலை உண்டு. 2009இல் டென்மார்க்கில் வெளியான ஆய்வு ஒன்றில், எந்தத் தொல்லையும் இல்லாத 120 பேர் பங்கேற்றனர். எட்டு வாரம் எசோமிபிரசோல் எடுத்து நிறுத்தியவர்களில் பத்தில் நால்வருக்கும் மேலாக நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் தோன்றின. அடக்கப்பட்ட சுரப்பு மீண்டெழும்போது மிகையாக எழுகிறது. நிறுத்தினால் எரிகிறது, ஆகவே தேவைப்படுகிறது என்று நோயாளி எண்ணிக்கொள்கிறார். இதற்கு மாறாக, இம்மருந்துகள் சிறுநீரகத்தையும் எலும்பையும் மூளையையும் அழிக்கும் என்று பரவும் அச்சமும் மிகை. 17,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2019இல் முடிவுகள் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில், மூன்றாண்டு பாண்டோபிரசோல் எடுத்தவர்களிடம் குடல்தொற்று சற்று மிகுந்ததேயன்றி, அஞ்சப்பட்ட பிற தீங்குகள் மிகவில்லை. ஆகவே கேள்வி நல்ல மருந்தா தீய மருந்தா என்பதன்று. யாருக்கு, எதற்கு, எத்தனை நாள் என்பதே.

ஆனால் நம் சந்தை இந்தக் கேள்வியைக் கேட்க விடுவதில்லை. டோம்பெரிடோன் என்ற மருந்தை நெஞ்செரிச்சலுக்கும் உப்புசத்துக்கும் தரலாகாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் அறிவித்தது. இதயத் துடிப்பு பற்றிய அச்சமே காரணம். இங்கோ அமில மருந்தோடு அதைச் சேர்த்த கூட்டு மாத்திரை சர்வசாதாரணம். ரானிடிடினில் என்.டி.எம்.ஏ. என்ற மாசு கண்டறியப்பட்டு 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதை முழுவதும் விலக்கக் கோரியது. இந்தியாவின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலிருந்து அது 2022இல் நீக்கப்பட்டது. ஒரு தலைமுறையின் வயிற்றைக் காத்த மருந்து நம்மிடையே பெரிய விவாதம் எதுவுமின்றிப் பட்டியலைவிட்டு நீங்கியது.

7. மாணவ நண்பர்களுக்கு

இந்தத் துறையில் செய்யப்பட வேண்டிய ஆய்வுகள் பல. 1970களுக்கும் 1990களுக்கும் இடைப்பட்ட அறுவை அரங்கப் பதிவேடுகளை மாவட்ட மருத்துவமனைகளில் தேடிப் பாருங்கள். இரைப்பை அறுவைகள் எந்த ஆண்டில், எந்த வட்டாரத்தில் குறையத் தொடங்கின என்பதை அவற்றிலிருந்து வரைய முடியும். அந்தக் கோட்டின் அருகில் ரானிடிடினின் விலையை வைத்துப் பார்த்தால், ஒரு சட்டம் எத்தனை வயிறுகளைக் கத்தியிலிருந்து காத்தது என்பதை எண்ணிக்கையாகவே சொல்லலாம். பழைய பதிவேடுகளைக் கழித்துவிடும் வழக்கம் இருப்பதால் இது காத்திருக்கக்கூடிய பணி அன்று. அந்தத் தலைமுறை அறுவை மருத்துவர்களும் செவிலியரும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் வாய்மொழிச் சான்றும் பதிவாக வேண்டும்.

மருந்தை எல்லோருக்கும் எட்டச் செய்வது அரசின் கடமை. 1970இல் இந்திய நாடாளுமன்றம் அதைச் செய்தது. எட்டிய மருந்தைத் தேவையறிந்து கொடுப்பது மருத்துவத்தின் கடமை. முதலாவதன் வெற்றியைக் காட்டி இரண்டாவதைத் தட்டிக்கழிக்க முடியாது. மலிவான மாத்திரை ஒன்றைச் சீட்டின் கடைசி வரியில் எழுதும் கை, அது எந்த நோய்க்கு என்பதையும் எந்த நாளில் நிறுத்துவது என்பதையும் சேர்த்து எழுதுமானால், ஐயங்காரின் அறிக்கை தொடங்கிவைத்த வேலை நிறைவுபெறும்.